ஆர்ட்டீமியா முட்டை நமத்துப்போகாமல் காப்பது

சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பினாங்கு ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில், தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டியிருந்த தண்ணீர்ப் போத்தலுக்கு முன்னால் டார்ச் விளக்கோடு குந்தியிருந்தேன். மீன்குஞ்சுகளுக்கு இரையாகப் பொரிக்க வைக்கும் ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலின் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் முழுதாகக் கடந்திருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் காற்று பம்பை நிறுத்திவிட்டு விளக்கைக் காட்டினால், ஆரஞ்சு நிறத்தில் புகை திரண்டு வருவதுபோல் குஞ்சுகள் ஒளியை நோக்கிக் கூடும். அன்று வந்தவற்றை ஏறத்தாழ எண்ணிவிடலாம்போல் இருந்தது. போத்தலின் கழுத்தில் பொரிக்காத முட்டைகள் காப்பித்தூள் மாதிரி படிந்து கிடந்தன. பக்கத்துத் தொட்டியில், நீந்தத் தொடங்கி ஐந்து நாளான, பெட்டா இம்பெல்லிஸ் என்னும் சண்டை மீனின் குஞ்சுகள் நூறுக்கு மேல் பசியோடு இருந்தன.

முட்டை மலிவுச் சரக்கன்று. நானும் இரண்டு நண்பர்களும் பணம் போட்டு வாங்கிய 425 கிராம் டின் அது. டின்னின்மேல் அச்சிட்டிருந்த காலாவதித் தேதிக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. முதல் மாதத்தில் அதே டின்னிலிருந்து எடுத்த முட்டை அவ்வளவு நன்றாகப் பொரித்தது. ஆகவே விற்றவர்மீது பழிபோட வழியில்லை. கெடுத்தது என் கைதான். எப்படிக் கெடுத்தேன் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதமும் இன்னொரு தவறும் தேவைப்பட்டன. இந்த ஊர்க் காற்றில் மீன் வளர்ப்பவர்கள் அனைவருக்கும் அதே விபத்து நேரக்கூடும் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

நாம் முட்டை என்று சொல்வது உண்மையில் முட்டையன்று. தாய் இறால் சூழ்நிலை மோசமாகும்போது, ஏறத்தாழ 4,000 செல்கள் வரை வளர்ந்துவிட்ட ஒரு கருவைத் தடித்த ஓட்டுக்குள் மூடி வெளியேற்றுகிறது. அந்தக் கரு அதற்குமேல் வளராமல் உறங்கிவிடுகிறது. காய்ந்த நிலையில் அதனுள் உயிர்ச்செயல் எதுவும் நடப்பதாகத் தெரியாது. கால் மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் துகளை விதை நெல்லோடு ஒப்பிடுவதே பொருத்தம். விதை நெல்லைக் காப்பவன் எதற்கு அஞ்சுவானோ அதற்கே நாமும் அஞ்ச வேண்டும், அதாவது ஈரத்துக்கு.

நன்றாகப் பதப்படுத்திய முட்டையில் ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழேதான் இருக்கும். நல்ல சரக்கில் அது 2 முதல் 8 விழுக்காட்டுக்குள் நிற்கும். அந்த அளவைத் தாண்டி ஈரம் ஏறத் தொடங்கினால் கரு அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. விழித்தாலும் பொரிக்கும் அளவுக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. மீண்டும் உறங்கவும் முடிவதில்லை. அந்த நடுநிலையில் அது ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையாகச் சேர்த்து வைத்திருக்கும் தன் கட்டுச்சோற்றைத் தின்னத் தொடங்கிவிடுகிறது. பொரிக்கும் நேரத்தில் இந்தச் சர்க்கரையிலிருந்துதான் கிளிசரால் உருவாகி, ஓட்டுக்குள் தண்ணீரை இழுத்து, அழுத்தத்தைக் கூட்டி, ஓட்டை வெடிக்கச் செய்கிறது. கட்டுச்சோறு தீர்ந்த கருவுக்கு ஓட்டை உடைக்கத் தெம்பிருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல முட்டைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் தெரியாது. அதே பழுப்பு, அதே வாடை.

தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று உண்டு: நமத்துப்போதல். அப்பளமும் முறுக்கும் நமத்துப்போவதை நாக்கு உடனே சொல்லிவிடும். ஆர்ட்டீமியா நமத்துப்போனதை மறுநாள் போத்தல்தான் சொல்லும்.

சந்தையில் கிடைக்கும் சரக்கில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பெரும் உப்பு ஏரியிலிருந்து வருகிறது. இலையுதிர் காலத்தில் செம்பழுப்புப் பட்டைகளாக ஏரியின்மேல் மிதக்கும் முட்டைகளை மிதவை வளையங்களால் சுற்றி வளைத்து அள்ளுகிறார்கள். பிறகு கழுவி, தரம் பிரித்து, உலர்த்தி, காற்றை உறிஞ்சியோ நைட்ரஜன் நிரப்பியோ டின்னில் அடைக்கிறார்கள். (உப்பளம் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் தூத்துக்குடியிலும் ஆர்ட்டீமியா உண்டு; ஆண் இல்லாமலே பெருகும் வகை அங்கே பதிவாகியிருக்கிறது.) காற்றை ஏன் நீக்குகிறார்கள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. காய்ந்த முட்டையையும் ஆக்சிஜன் மெல்ல மெல்லத் தாக்கிக் கெடுக்கிறது. ஆகவே டின்னைத் திறந்த நாளிலேயே அதன் காவல்கள் இரண்டும் போய்விடுகின்றன. மேலே அச்சிட்ட தேதி திறக்காத டின்னுக்கு உரியது. திறந்தபின் அதை நம்பிக்கொண்டிருப்பது, குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு மசாலாப் பொட்டலத்தின் தேதியைப் பார்ப்பது போன்றது.

இனி என் கைங்கரியம். டின்னோடு ஒரு நெகிழி மூடி வந்தது. உள்ளே தேக்கரண்டியைப் போட்டு, மூடி, ஐஸ் பெட்டியின் கதவுத் தட்டில், கோழி முட்டைக்கும் சில்லிச் சாஸுக்கும் நடுவே வைத்தேன். குளிரில் வைத்தால் கெடாது என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்த முழு அறிவியல். நாள்தோறும் மாலையில் அதை எடுத்து, மேசையில் வைத்துத் திறந்து, ஒரு கிராம் அள்ளி, உப்பை அளந்து, பம்பைச் சரிபார்த்து, எல்லாம் முடிந்தபிறகு மூடி உள்ளே வைப்பேன். ஐந்து நிமிடம் ஆகும்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைக் கணக்காகவே சொல்லலாம். நம் வீட்டுக்குள் வெப்பம் 30 பாகை, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 25 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின்மேலும் அந்தக் காற்று வியர்த்துவிடும். குளிர்ந்த டின்னின் வெப்பம் 5 பாகைகூட இருக்காது. ஐஸ் போட்ட தே ஓ குவளையின் வெளிப்புறத்தில் துளிகள் வழிவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே வியர்வை டின்னின் உட்சுவரிலும் கரண்டியிலும் முட்டையின் மேற்பரப்பிலும் படிகிறது. கண்ணுக்குத் துளியாகத் தெரியாத மென்படலம்தான். ஆனால் உப்பைப்போல ஈரம் உறிஞ்சும் முட்டைக்கு அது போதும். அந்த ஈரத்தை உள்ளேயே வைத்து மூடிவிட்டுத்தான் நான் நாள்தோறும் நிம்மதியாகக் கதவைச் சாத்தினேன். மூன்றாம் மாதத்தில் கரண்டியின் கீழ்ப்புறத்தில் முட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டினால் மணல்போல் உதிர வேண்டியது சிறு கட்டியாக விழுந்தது. அப்போதே விழித்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்திய அந்தத் தோல்விக்குப் பிறகு செய்தது இன்னும் பெரிய தவறு. ஐஸ் பெட்டியின் குளிர் போதவில்லை என்று முடிவு கட்டி, மீதி முட்டையை அப்படியே டின்னோடு ஃப்ரீசருக்கு மாற்றினேன். நன்றாகக் காய்ந்த முட்டைக்கு ஃப்ரீசர் குளிர் ஒரு பொருட்டே அல்ல; ஆய்வகங்களில் தனிச்சுழிக்கு அருகே, அதாவது கழித்தல் 273 பாகை வரை குளிர்வித்தும் காய்ந்த முட்டை பிழைத்திருக்கிறது. 1972இல் அப்போலோ 16 விண்கலத்தில் சோதனைக்காக ஏற்றி அனுப்பியவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் தண்ணீர் குடித்து ஊறிய முட்டையின் கதை வேறு. அது கழித்தல் 18 பாகைக்குக் கீழே செத்துவிடும், 40 பாகைக்கு மேலும் செத்துவிடும். வீட்டு ஃப்ரீசரின் குளிர் ஏறக்குறைய அந்தக் கழித்தல் 18தான். நிலவு வரை போய்வந்த இனத்தை நான் கோழி இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்துக் கொன்றேன். அதன்பிறகு போட்ட மூன்று போத்தலிலும் ஏறக்குறைய ஒன்றும் பொரிக்கவில்லை.

விவரம் சொன்னவர் புக்கிட் மெர்தாஜாமில் டிஸ்கஸ் மீன் வளர்க்கும் ஓர் அண்ணன். பாலம் கடந்து போய் என் டின்னை அவரிடம் காட்டினேன். அவர் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் காய்ந்த கண்ணாடித் தகட்டின்மேல் தூவி, தகட்டைச் சாய்த்தார். என்னுடையது அங்கங்கே ஒட்டி நின்றது. தம்முடையதைத் தூவிச் சாய்த்தார். கேழ்வரகு உருள்வதுபோல் கடகடவென்று ஓடி மேசையில் கொட்டியது. “தம்பி, டின்ன தொறக்குற நாளு ஒரு நாளுதான். அன்னிக்கே பிரிச்சிரணும். அப்புறம் அத தொடவே கூடாது” என்றார். இப்போது நான் செய்வதெல்லாம் அந்த ஒரு பேச்சின் விரிவுதான்.

புது டின் வாங்கினால் முதலில் அதை ஓர் இரவு அறை வெப்பத்தில் வைக்கிறேன். குளிரூட்டி ஓடும் படுக்கையறையில் காலையில் காற்று ஓரளவு வறண்டிருக்கும் என்பதால் அங்கேயே திறக்கிறேன். மழை பெய்யும் நேரத்தில் திறப்பதே இல்லை. எங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 140 கிராம் வருகிறது. என் பங்கை 20 கிராம் வீதம் ஏழு சிறு கண்ணாடிப் போத்தல்களில் நிரப்புகிறேன். போத்தல் நிறைந்திருக்கும்படி சிறியதாகத் தேர்வது முக்கியம். பாதி காலியாக இருந்தால் அந்தப் பாதியில் இருப்பது இந்த ஊர்க் காற்று. ரப்பர் வளையம் உள்ள மூடியைத் திருகி, மேலே தேதி எழுதி, ஏழையும் ஒரு ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடுகிறேன். உணவுப் பொருளை வெற்றிடமாக்கி ஒட்டும் கருவி வைத்திருப்பவர்கள் சிறு உறைகளாகவே ஒட்டிவிடலாம். அதைவிட நல்ல வழி வீட்டில் கிடையாது.

ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலம் உண்டு. காலணிப் பெட்டியில் வந்ததை எடுத்துப் போடுவதில் பயனில்லை, ஏனெனில் அது நம் கைக்கு வருமுன்பே வயிறு நிறைய ஈரம் குடித்திருக்கும். ஈரம் ஏறினால் நிறம் மாறும் மணிகளை வாங்கி, சல்லடைத் துணியில் முடிந்து போட்டால் அதன் நிலை கண்ணுக்குத் தெரியும். நீல நிற மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் நான் ஆரஞ்சு வகையையே வாங்குகிறேன். அம்மா உப்பு டப்பாவில் செய்வதுபோல் அரிசி போட்டால் என்ன என்று யோசித்ததுண்டு. கணக்குப் பார்த்தால் அது நகைப்புக்குரியது: நாம் சமைக்கும் அரிசியிலேயே 12, 13 விழுக்காடு ஈரம் இருக்கிறது. முட்டையைவிட ஈரமான பொருளை முட்டைக்குக் காவல் வைக்க முடியாது.

ஏழு போத்தலில் ஆறு ஃப்ரீசருக்குப் போகின்றன. ஒன்று மட்டும் வெளியில், இருட்டான அலமாரியில், அன்றாடப் பயன்பாட்டுக்கு. பலர் இதை நம்ப மறுக்கிறார்கள்: திறந்து பயன்படுத்தும் போத்தலை ஐஸ் பெட்டியில் வைப்பதில்லை. அறை வெப்பத்தில் இருக்கும் முட்டையின்மேல் காற்று வியர்க்காது. 28, 30 பாகை வெப்பம் மூன்று வாரத்தில் அதற்குச் செய்யும் தீங்கு, நாள்தோறும் குளிர்ந்து வியர்ப்பதால் வரும் தீங்குக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு போத்தல் தீரும் தறுவாயில் அடுத்ததை ஃப்ரீசரிலிருந்து எடுக்கிறேன், எடுத்ததும் திறப்பதில்லை. முதலில் ஓர் இரவு மூடியபடியே அறை வெப்பத்துக்கு வர வேண்டும், பிறகு சில நாள் அப்படியே இருக்க வேண்டும். உறைகுளிரிலிருந்து எடுத்த கையோடு உப்புத் தண்ணீரில் போட்டால் பொரிப்பு குறையும். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். ஒருமுறை வெளியில் எடுத்த போத்தலை மறுபடி உள்ளே வைப்பதில்லை. கரண்டியை உள்ளே போட்டு வைப்பதும் இல்லை. காய்ந்த தனிக் கரண்டி, அள்ளியவுடன் மூடி, அதன்பிறகுதான் உப்பும் பம்பும்.

இத்தனைக்கும் பிறகு முட்டை நன்றாக இருக்கிறதா என்பதை ஊகிக்காமல் எண்ணிவிடுவது நல்லது. தையல் ஊசியின் நுனியை லேசாக நனைத்து முட்டையில் தொட்டால் சில பத்து முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் அவற்றை உதறி, கைலென்ஸ் வைத்து எண்ணி, லிட்டருக்கு 25 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில், விளக்கு வெளிச்சத்தில் வைக்கிறேன். நனைந்த முதல் சில மணி நேரத்தில் ஒளி படாவிட்டால் நல்ல முட்டையும் சோம்பிவிடும். ஒன்றரை நாள் கழித்து ஒரு துளி அயோடின் விட்டால் குஞ்சுகள் ஓட்டத்தை நிறுத்தும், எண்ணலாம். அம்மா இதைப் பார்த்துவிட்டு, “கல்யாண வீட்டு மொய்கூட இப்படி யாரும் எண்ண மாட்டாங்கடா” என்றார். புதிதாக நிரப்பிய போத்தலில் 60க்கு 49 பொரித்தன. நான்கு மாதம் ஃப்ரீசரில் இருந்த ஏழாம் போத்தலில் 71க்கு 56. இரண்டும் ஏறக்குறைய ஒரே விழுக்காடு.

விழுக்காடு குறைந்தால் கூடுதலாக முட்டை போட்டு ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். ஒரு கிராமில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் முட்டை இருப்பதால் எண்ணிக்கைக்குக் குறைவு வராதுதான். சிக்கல் பிரிப்பதில் இருக்கிறது. பம்பை நிறுத்தியதும் பொரித்த ஓடு மேலே மிதக்கும். குஞ்சுகள் கீழே வரும். பொரிக்காத முட்டையும் அவற்றோடு கீழேயே இறங்கும். குழாயால் உறிஞ்சும்போது இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அந்தக் கெட்டி ஓட்டை மீன்குஞ்சால் செரிக்க முடியாது. விழுங்கிய சிறு குஞ்சுக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். அந்த ஐப்பசியில் என் இம்பெல்லிஸ் குஞ்சுகளில் சில வயிறு உப்பி, பக்கவாட்டில் சாய்ந்து செத்ததற்கு அதுதான் காரணம் என்றே நினைக்கிறேன்.

சிறு அளவில் வாங்குபவர்கள் கடையில் கொக்கியில் தொங்கும் ஒளிபுகும் நெகிழிப் பைகளைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எப்போது, எந்த டின்னிலிருந்து, எந்த மழைநாளில் பிரித்தது என்று யாருக்கும் தெரியாது. மெல்லிய நெகிழி வழியாக ஈரம் மெதுவாக உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். பையைத் தட்டினால் துகள் சுவரை விட்டு உருள வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் எவ்வளவு வெள்ளி குறைவாகக் கிடைத்தாலும் விட்டுவிட வேண்டியதுதான். மாதத்துக்கு ஓர் ஈடு குஞ்சு வளர்ப்பவர்கள் மூவர் நால்வராகச் சேர்ந்து ஒரு டின் வாங்கி அன்றே பிரித்துக்கொள்வது பைகளை வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே சற்று ஈரம் ஏறிவிட்ட முட்டை கையில் இருந்தால், அதை வெயிலில் காய வைக்கவும் ஃப்ரீசரில் வைக்கவும் வேண்டாம். லிட்டருக்கு 300 கிராம் வீதம் உப்பைக் கரைத்து, ஏறக்குறைய இனிக் கரையாது என்னும் அளவுக்குச் செறிவான உப்புநீரில் போட்டு ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால், உப்பு முட்டையிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கரு மறுபடி அடங்கும். போன சர்க்கரை திரும்பாது, எனினும் மிச்சம் இருப்பதைச் சில வாரங்களுக்குக் காக்கலாம். பொரிக்க வைக்குமுன் சல்லடைத் துணியில் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். பிளீச் கொண்டு ஓடு நீக்கிய முட்டையை வைப்பதற்கும் இதே உப்புநீர்தான். ஓடு இல்லாததால் அதை வெயில் படாத இருட்டில் வைக்க வேண்டும்.

பொரித்த குஞ்சு மிஞ்சினால் அதற்கு மட்டும் ஐஸ் பெட்டி நல்ல இடம். வெளியில் விட்டால் சில மணி நேரத்தில் தோலுரித்து, தன் மஞ்சள்கருவைத் தானே எரித்து இளைத்துவிடும். 4 பாகைக் குளிரில், ஆழமில்லாத தட்டில், மெல்லிய அடுக்காக வைத்தால் மறுநாள் காலை வரை கொழுப்பு குறையாமல் இருக்கும். இடையில் இரண்டு முறை தட்டை அசைத்துக் காற்றுப் படச் செய்தால் போதும். எங்கள் வீட்டில் அந்தத் தட்டு இப்போது இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மேல்தட்டில் இருக்கிறது. அதன் மூடியில், வேறு யாரும் திறந்துவிடக் கூடாதென்று, அம்மாவே மீன் படம் ஒன்று வரைந்து ஒட்டியிருக்கிறார்.